கட்டைப் பிரிக்காதீர்

இங்கிலாந்தில் 1538-ஆம் ஆண்டு தாமஸ் கிராம்வெல் பிறப்பித்த கட்டளையால், எத்தனை சிறிய கிராமமாயினும் அதன் தேவாலயத்தில் ஞானஸ்நானம், விவாகம், அடக்கம் ஆகிய மூன்றும் தேதியிட்டு எழுதப்படலாயின. ஆதலின் அங்கே தம் வம்சாவளியைத் தேடுவோர், பழுதின்றி எஞ்சிய ஏடு கிடைக்குமாயின், அதனைப் பின்னோக்கிப் புரட்டியே சில நூற்றாண்டுகளைக் கடந்துவிடுகின்றனர். நம் கோட்டையூரில் அவ்வாறு ஒரே ஏடு இல்லை. ஆனால் நகரத்தார் வீடுகளில் மணநாளன்று எழுதிய திருமண ஒப்பந்தமாகிய இசைகுடிமானமும், பெண்ணுக்குக் கொடுத்த சீரை வெள்ளிச் செம்பு முதல் தடுக்கு வரை குறித்த சாமான் சிட்டையும், மொய்ப்பண ஏடும், பர்மா மலேயாக் கடைகளின் பேரேடுகளும் உண்டு. அவற்றோடு, ஒன்பது நகரக் கோயில்களுள் தத்தம் கோயிலின் மாலை பெற்று மணந்த தம்பதியை ஒரு புள்ளியாக எண்ணும் கோயிற் கணக்கும் உண்டு.

இவற்றைப் படிப்பதில் ஒரு சங்கடம் உளது. மூத்த மகனுக்குத் தந்தையைப் பெற்ற ஐயாவின் பெயரை இடுவது மரபாதலால், ஒரே பெயர் ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை திரும்பி வருகிறது. நம் வருஷங்களோ அறுபதுக்கு ஒருமுறை திரும்பி வருகின்றன. பிரபவ வருஷம் என்று மட்டும் தேதியிட்ட ஒரு சிட்டை 1867-ஐயும் குறிக்கலாம், 1927-ஐயும் குறிக்கலாம். அதிற் கண்ட பெயர் ஐயாவுடையதாகவும் இருக்கலாம், பேரனுடையதாகவும் இருக்கலாம். பெயரின் முன்னுள்ள விலாச எழுத்துகள் வீட்டைக் காட்டுமேயன்றி, எப்போதும் ஆளைக் காட்டிவிடா. அந்தச் சிட்டையோடு ஒரே துணியிற் கட்டப்பட்டிருந்த முத்திரைப் பத்திரத்தில் விக்டோரியா மகாராணியின் முகம் இருக்கிறதா, ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் முகம் இருக்கிறதா என்று பார்த்தால் பெரும்பாலும் ஐயம் தெளியும்.

ஆகையால் வம்சாவளி தேடும் நம் தொழிலில், தனி ஏட்டினும் அது சேர்ந்திருந்த கட்டே பெரிது என்பது எமது உறுதியான அபிப்பிராயம். பாகப்பிரிவினையாகி ஒரு வீடு இடிபடும்போது தூண்களும் கதவுகளும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளுக்குப் போகின்றன. அவை போவது வருத்தமே. அதனினும் பெரிய வருத்தம், முத்திரைத்தாளை ஒருவரும் பழைய கடிதத்தைத் தபால்தலைக்காக இன்னொருவரும் உருவிக்கொள்ள, எஞ்சிய சிட்டை எந்தப் பிரபவத்துக்குரியது என்று எவரும் சொல்லமாட்டாதபடி அநாதையாகிவிடுவது.

இவ்வூரிலேயே வாழ்ந்து 1992-இல் மறைந்த ரோஜா முத்தையா அவர்கள், அரிய நூல்களை மட்டுமல்லாது, பிறர் குப்பையென ஒதுக்கிய திருமண அழைப்பிதழ்களையும் நாடக நோட்டீசுகளையும் அபிமானத்தோடு சேகரித்தார். சிகாகோ பல்கலைக்கழகம் அச்சேகரத்தை வாங்கியதனால், 1994-இல் அவர் பெயரால் சென்னையில் ஆராய்ச்சி நூலகம் அமைந்தது. அச்சிட்ட தாளுக்கு அவர் காட்டிய பரிவைக் கையெழுத்துத் தாளுக்கும் நாம் காட்டவேண்டாமா?

அன்பர்கள் ஒரு வீட்டிற்குச் சென்றால், கட்டை அவிழ்ப்பதற்கு முன் அது வீட்டின் எந்தப் பகுதியில், எந்த அறையில், எந்தப் பெட்டியில், எவற்றோடு இருந்தது என்பதை எழுதிக்கொள்க. பிறகு அவ்வீட்டு மூத்த ஆச்சியிடம், இது ஐயா காலத்ததா, பாட்டையா காலத்ததா என்று கேளுங்கள். அவர் சொல்வதை அவர் சொன்னபடியே, கேட்ட தேதியோடு, அந்தக் கட்டிலேயே ஒரு தாளில் எழுதிச் சேர்த்துக் கட்டிவையுங்கள்.