குறைமாதப் பிள்ளைக்கு வயது எத்தனை?

தைப்பிங் வட்டாரத் தோட்டங்களில் குறைமாதத்தில் ஒரு பிள்ளை பிறந்துவிட்டால் பாட்டிமார் சொல்வது ஒன்றுதான்: "குறைமாசப் புள்ளதானே, எல்லாம் மெதுவாத்தான் வரும்." இதில் பாதி உண்மை. மறுபாதிதான் ஆபத்து.

நிறைமாதம் என்பது 40 வாரம். 37 வாரத்துக்கு முன் பிறந்தால் குறைமாதம். 30 வாரத்தில் பிறந்த பிள்ளைக்குப் பத்து வாரத்தைக் கழித்துத்தான் வயது பார்க்க வேண்டும். இரண்டு வயது வரை டாக்டர்கள் போடும் கணக்கு இதுவே. ஆகவே, எட்டு மாதமாகியும் அடுத்த வீட்டுப் பிள்ளைபோல் உட்காரவில்லையே என்று அந்தத் தாய் கண்கலங்க வேண்டியதில்லை.

ஆனால், கழித்துப் பார்த்த பிறகும் உடம்பு விறைத்தோ துவண்டோ கிடந்தால், நாலு மாதம் தாண்டியும் கை எப்போதும் இறுக மூடியே இருந்தால், சும்மா இருக்கலாகாது. ஒரு வயதுக்குள் ஒரே கையைத்தான் நீட்டுகிறான் என்றால், "இப்பவே இடது கைப் பழக்கம்!" என்று சிரிக்கிறோமே, அது சிரிக்கிற சங்கதி அல்ல.

பிரெக்டல் என்ற மருத்துவர் ஒரு சோதனை முறையை வகுத்தார். பிரசவத்துக்குக் குறித்த தேதிக்குப் பின் சுமார் 9 முதல் 20 வாரத்துக்குள், பிள்ளையை மல்லாக்கப் படுக்கவைத்து, தொடாமல், விளையாட்டுக் காட்டாமல் சில நிமிடம் பார்ப்பதுதான் அது. கழுத்தும் கைகாலும் சின்னச்சின்னதாக நெளிந்துகொண்டே இருக்க வேண்டும். அந்த நெளிவு இல்லையென்றால் பெருமூளை வாதமோ என்று மேலும் ஆராய்வார்கள். ஊசி இல்லை, வலி இல்லை. பழகிய கண் ஒன்றுதான் வேண்டும். மற்றப் பரிசோதனைகளோடு இதையும் சேர்த்தால் ஆறு மாதத்துக்குள்ளேயே கண்டுபிடிக்கலாம், பயிற்சியை உடனே தொடங்க வேண்டும் என்று 2017இல் பல நாட்டு நிபுணர்கள் எழுதினார்கள்.

இங்கேதான் நம் பாட்டாளித் தாய்க்குச் சிக்கல். 2023 ஜனவரி முதல் நம் நாட்டில் பேறுகால விடுமுறை 98 நாள், அதாவது 14 வாரம். பிள்ளை பிறந்த மறுநாளுக்குள் அது ஓடத் தொடங்கிவிடும். 30 வாரத்தில் பிறந்ததென்றால், லீவு தீரும்போது அதன் கழித்த வயது நாலே வாரம்! பாதி லீவு ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குப் பக்கத்திலேயே போயிருக்கும். அசைவைப் பார்க்க வேண்டிய நாள் வரும்போது தாய் பெரட்டில் நிற்கிறாள். அன்றைய கூலி போகுமே என்று கிளினிக் தேதியைத் தள்ளிப்போட்டால் அவளை எப்படிக் குறை சொல்வது?

கிளினிக் புத்தகத்தைக் காட்டினால் கூலி வெட்டாமல் அரைநாள் விடுங்கள் என்று நிர்வாகங்களைக் கேட்கிறோம். அடுத்த சம்பள ஒப்பந்தப் பேச்சில் தோட்டத் தொழிலாளர் சங்கமும் இதை மேசைமேல் வைக்கட்டும். தகப்பன்மாரே, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நீங்களும் போகலாம். தேதி தவறிவிட்டதா? அடுத்த வாரமே போய்க் காட்டுங்கள். பிரசவத்துக்குக் குறித்த தேதியைப் புத்தகத்தின் முதல் பக்கத்திலேயே பெரிதாக எழுதி வையுங்கள். மிஸி கேட்கும் முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.