நான்காம் பக்கத்தில் இருந்த பதில்

முப்பது ஆண்டுகள் பத்திரம் எழுதினேன். தொழிலை விட்ட பிறகும் திண்ணைக்கு ஆட்கள் வருவது நிற்கவில்லை. மடியில் பத்திர நகல், மனதில் ஒரு கேள்வி. "வக்கீலைப் பாருங்க" என்று ஒரு சொல்லில் அனுப்பிவிட எனக்கு மனம் வருவதில்லை. பாகப்பிரிவினைச் சிக்கலுக்கு உண்டு, இல்லை என்று மட்டும் சொல்வதும் நியாயமில்லை. அதனால் விரிவாக எழுதிக் கொடுப்பேன். அப்படி எழுதியதில்தான் ஒரு பெண்ணுக்குக் கெடுதல் செய்தேன்.

2017இல் அவர் கேட்டது ஒரே வரி: "அப்பா வீட்டுல எனக்குப் பங்கு உண்டுங்களா ஐயா?" அம்மா முன்பே போய்விட்டார். அப்பா உயில் எழுதாமல் 2003இல் இறந்தார். கூடப்பிறந்தவர்கள் இரண்டு அண்ணன்கள். இவருக்குக் கல்யாணம் ஆனது 1986இல்.

நான்கு பக்கம் எழுதினேன். 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் தொடங்கினேன். பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் பிறப்புரிமை தந்த தமிழ்நாட்டுத் திருத்தம் 1989 மார்ச் 25 முதல் நடைமுறைக்கு வந்ததையும், அதற்கு முன்பே மணமானவர்கள் அதில் சேரமாட்டார்கள் என்பதையும் இரண்டாம் பக்கத்தில் விளக்கினேன். மூன்றாம் பக்கத்தில் மத்திய அரசின் 2005ஆம் ஆண்டுத் திருத்தம். அதன்படி மகளுக்குப் பங்கு கிடைக்க அந்த ஆண்டு செப்டம்பர் 9 அன்று அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2015இல் சொன்னதையும் எழுதினேன். நான்காம் பக்கத்தின் அடியில், இதெல்லாம் பூர்வீகச் சொத்துக்குத்தான், அப்பாவின் சுயார்ஜிதமாக இருந்தால் 1956 முதலே மகளுக்கும் சமபங்கு என்று முடித்தேன்.

எழுதியதில் அன்றைய நிலவரப்படி ஒரு பிழையும் இல்லை. ஆனால் அந்த வீடு அவருடைய அப்பா தம் சம்பளத்தில் வாங்கியது. அவருக்கு வேண்டியிருந்தது அந்தக் கடைசி வரி மட்டும்தான். மூன்றில் ஒரு பங்கு அவருடையது. பின்னாளில் கிரயப் பத்திரத்தைப் பார்த்தபோதுதான் எனக்கு அது தெரிந்தது. அதற்குள் அண்ணன்களுக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டார். "மூணாவது பக்கம் வரைக்கும் இல்லை, இல்லைன்னே வந்துச்சுங்க ஐயா. அதுக்கு மேல படிக்க மனசு வரல" என்றார். குரலில் குறை சொல்லும் தொனியே இல்லை. அதைத்தான் இன்றும் தாங்க முடியவில்லை.

"வீடு பாட்டன் வழி வந்ததா, அப்பா வாங்கியதா?" என்று முதலிலேயே நான் கேட்டிருக்க வேண்டும். கேட்டிருந்தால் அரைப் பக்கம் போதும். நீண்ட பதில்களில் பாதி, கேட்க வேண்டியதைக் கேட்காமல் எல்லா வழிகளையும் எழுதிவைப்பதால் நீளுகின்றன. நமக்குத் தெரிந்ததையெல்லாம் கொட்டிவிட்டு, தமக்கு உரியதைப் பொறுக்கிக்கொள்ளும் வேலையைப் பயந்து வந்தவர் தலையிலேயே கட்டுகிறோம்.

அதன் பிறகு முடிவை முதல் வரியில் வைக்கிறேன்: உங்களுக்குப் பங்கு உண்டு, எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். காரணங்கள் அதற்குக் கீழேதான். விளக்கம் நீளலாம், அதில் எனக்கு வருத்தமில்லை. தம் பக்கத்து நியாயத்தை அண்ணன் முன்னால் எடுத்துச் சொல்ல, கேட்டு வந்தவருக்கு அந்த விளக்கம் வேண்டும்.

இன்னொன்று, தேதி. அந்த நான்கு பக்கத்தில் நான் தேதி போடவில்லை. மூன்றாம் பக்கத்தை மட்டும் யாரோ படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்ப, அது ஊர் ஊராகப் போயிருக்கிறது. 2020 ஆகஸ்ட் 11 அன்று உச்ச நீதிமன்றமே அந்த நிலைப்பாட்டை மாற்றிவிட்டது. மகளின் உரிமை பிறப்பால் வருவது, 2005இல் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்றது. என் கையெழுத்தில் உள்ள அந்தப் பக்கம் மட்டும் இன்னும் "பங்கு இல்லை" என்றே சொல்லிக்கொண்டிருக்கிறது. இப்போது எந்தத் தேதி நிலவரப்படி எழுதினேன் என்று ஒவ்வொரு தாளின் தலையிலும் குறிக்கிறேன். பிறர் எழுதியதை முன்னும் பின்னும் வெட்டி அனுப்புகிறவர்களிடம் கெஞ்சிக் கேட்கிறேன், முழுவதையும் அனுப்புங்கள்.

ஏற்கெனவே ஒருவர் சரியாகச் சொல்லியிருந்தால் அதையே என் நடையில் திரும்ப எழுதுவதில்லை. அவர் சொன்னது சரி என்று கையெழுத்திடுகிறேன். எனக்குத் தெரிந்த எல்லை முடியும் இடத்தையும் எழுதிவிடுகிறேன். அதற்கு மேல் உதவி வேண்டுமென்றால், பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணை அழைக்கலாம், நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் குழுவிலும் கேட்கலாம். பெண்கள் கேட்டு எழுதும் தாளில் இது இல்லாமல் இருப்பதில்லை.

போன வாரம் ஒரு தம்பி அவனுடைய அம்மாவின் பங்கைப் பற்றிக் கேட்டு வந்தான். இன்னும் ஒரு வரிகூட எழுதவில்லை. தாய்ப்பத்திரமும் வில்லங்கச் சான்றும் எடுத்துவரச் சொல்லியிருக்கிறேன். அம்மாவையும் கூட்டிவரச் சொன்னேன்.