தடை போதாது, பிள்ளையை அறிக

பப்ஜி என்னும் கைபேசித் துப்பாக்கிச்சூட்டு விளையாட்டைத் தடை செய்யக் கோரி, பதினொரு வயதுச் சிறுவன் ஒருவன் தன் தாயின் வழியாக 2019-ஆம் ஆண்டு பம்பாய் உயர் நீதிமன்றத்தை நாடினான். அது வன்முறையைத் தூண்டுகிறது என்பதே முறையீடு. மறு ஆண்டு செப்டம்பர் 2 அன்று நடுவணரசு அதனையும் சேர்த்து 118 செயலிகளை முடக்கியது. ஆனால் நாட்டின் பாதுகாப்பே அதற்குக் கூறப்பட்ட காரணம். பிள்ளைகளின் மனநலம் அன்று. பெயர் மாற்றிக்கொண்டு அவ்விளையாட்டு மீண்டும் வந்தது.

திரையில் சுடுபவன் தெருவிலும் சுடுவான் என்று கூறுவதற்குச் சான்று போதாது. அமெரிக்க உளவியலாளர் சங்கம் 2020-இல் இதனைத் தெளிவுபடுத்தியது. கூச்சலிடுதல், தள்ளுதல் போன்ற சினச் செயல்களோடு சிறு தொடர்பு உண்டு. கொடுங்குற்றங்களுக்கு இத்தகைய விளையாட்டுகளைக் காரணமாக்குவது அறிவியல் ஆகாது என்றது. எனினும், வாழ்வைக் குலைக்கும் அளவிற்கு ஆடுவதை உலக நலவாழ்வு அமைப்பு ஒரு நோயாகவே வகுத்துள்ளது. அவ்வகைப்பாடு 2022 சனவரி முதல் நடைமுறையில் உள்ளது.

அப்படியானால் கேடு யாருக்கு? மும்பையின் மாட்டுங்காவில் தனியறையும் திடலும் நண்பரும் வாய்த்த மாணவனுக்கு அது ஒரு மணி நேரப் பொழுதுபோக்காக முடியலாம். தாராவியில், பெற்றோர் இருவரும் வேலைக்குச் சென்றபின் ஒற்றை அறையில் தங்கும் சிறுவனுக்கு அதுவே திடல், அதுவே தோழமை. பெருந்தொற்றுக் காலத்தில் பள்ளியும் அதே கைபேசிக்குள் புகுந்தது. ஆயினும் வறுமையை மட்டும் சுட்டுவது பிழை. செம்பூரின் வசதியான இல்லத்திலும் பேச ஆளில்லாத பிள்ளை உண்டு. அவன் துயரம் பூட்டிய கதவுக்குப் பின்னே இருப்பதால், இன்னும் தாமதமாகவே வெளிப்படும்.

இந்தத் தனிமையின் கேட்டைப் பழைய வேட்டையோடு ஒப்பிட்டால் உணரலாம். 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் காட்டு வேட்டையை விலக்கியது, அது நன்றே. ஆனால் அக்கால வேட்டையில் இளைஞனுடன் மூத்தோர் இருந்தனர். எதைக் கொல்லலாகாது, எப்போது திரும்ப வேண்டும் என்று அவர்கள் கற்பித்தனர். வீழ்ந்த உயிர் மீண்டும் எழாது என்பதை அவன் கண்ணாரக் கண்டான். திரையில் வீழ்ந்தவன் அடுத்த ஆட்டத்தில் எழுகிறான். அருகில் மூத்தோர் எவருமில்லை.

மும்பை மாநகராட்சி தன் பள்ளித் திடல்களை மாலையிலும் விடுமுறையிலும் அப்பகுதிச் சிறார்க்குத் திறந்துவிட வேண்டும். பெற்றோர் கைபேசியைப் பறிக்குமுன் பிள்ளையின் அருகில் அமர்ந்து, அவன் ஆடுவதைப் பார்த்து, யாருடன் ஆடுகிறான் எனக் கேட்க வேண்டும். உறக்கமும் உணவும் படிப்பும் குலைந்தால், அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416-ஐ அழையுங்கள்; அதற்குக் கட்டணமில்லை.