உள்ளே வந்தாச்சு... வெளியே எப்படிப் போறது?

போன மாசம் ஒரு ராத்திரி ஷிஃப்ட். எங்கள் சர்வரைப் பார்த்துக்கொள்கிற அண்ணன், ஊருக்குப் போகும் பஸ்ஸில் இருந்தார். "பெரிய வேலை இல்லம்மா. ஒரு ஃபைலைத் திறந்து ஒரே ஒரு வரியை மாத்தணும். நான் போன்ல சொல்றேன், நீ செய்" என்றார்.

திறந்தேன். கறுப்புத் திரை. மவுஸை அசைத்தால் ஒன்றும் நடக்கவில்லை. எழுத்தை அடித்தால் வரவில்லை. மெனு இல்லை, 'சேவ்' என்ற வார்த்தையே எங்கும் இல்லை. அதில் ஒரு வரி தப்பாகப் போனாலும் காலையில் வெப்சைட் திறக்காது என்பது மட்டும் எனக்குத் தெரியும். கை நடுங்க ஆரம்பித்துவிட்டது.

"சரி விடு, அப்படியே வெளிய வந்துடு. எஸ்கேப் அடி. கோலன் போடு. கியூ. ஆச்சரியக்குறி. என்டர்."

அடித்தேன். திரையின் அடியில் ஒரு பிழைச் செய்தி. 'இப்படி ஒரு கட்டளையே கிடையாது' என்று சொல்லிவிட்டு, நான் அடித்ததைக் கடைசியில் காட்டியது:

ஆ!

செய்தி டைப் செய்த கையோடு வந்ததால் கீபோர்டு தமிழ்99-லேயே இருந்திருக்கிறது. அதில் கியூ இருக்கும் இடத்தில் 'ஆ'. என் மனநிலையை ஒரு கம்ப்யூட்டர் இவ்வளவு சரியாகச் சொன்னது அதுதான் முதல் தடவை.

அந்த புரோகிராமின் பெயர் விம். பாத்திரம் துலக்குகிற விம் இல்லை மக்களே, இது டெக்ஸ்ட் எடிட்டர். நம் நோட்பேட் மாதிரி, எழுத்தை மட்டும் எழுதித் திருத்துகிற கருவி. சர்வர்களில் இன்றும் இதுதான் பெரும்பாலும் காத்திருக்கும். 'விம்மை விட்டு எப்படி வெளியேறுவது?' என்று 2012-ல் ஸ்டாக் ஓவர்ஃப்ளோ தளத்தில் ஒருவர் கேட்ட கேள்வியை, 2017-க்குள் பார்த்த எண்ணிக்கை 10 லட்சத்தைத் தாண்டிவிட்டது. அதைப் படித்ததும்தான் எனக்கு மூச்சே வந்தது.

இதைப் போய் 'யூசர் ஃப்ரெண்ட்லி' என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். அதுவும் சும்மா இல்லை, சண்டை போட்டுச் சொல்வார்கள்.

சண்டையின் மையம் 'மோடு'. விம்மில் எஸ்கேப் அடித்த நிலையில் கீபோர்டின் எழுத்துகள் எழுத்துகளே அல்ல, கட்டளைகள். 'டி'யை இரண்டு தடவை தட்டினால் ஒரு வரி முழுசாகக் காலி. 'ஐ' தட்டிய பிறகுதான் எழுத முடியும். எந்த மோடில் இருக்கிறோம் என்பதை நாம்தான் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். போனை சைலன்ட் மோடில் போட்டுவிட்டு மறந்து, அம்மாவின் பதினோரு மிஸ்டு காலுக்கு திட்டு வாங்கியவர்களுக்கு இந்தப் பிரச்னையை விளக்கவே வேண்டாம்.

இந்த மோடுகளுக்கு எதிராகவே வாழ்ந்த ஒரு மனிதர் லாரி டெஸ்லர். ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் 1970-களில் டிம் மாட்டுடன் சேர்ந்து 'ஜிப்சி' என்ற எடிட்டரை உருவாக்கினார். நாம் தினமும் செய்கிற கட், காப்பி, பேஸ்ட்டுக்காகப் பெயர் பெற்றவர். 'நோ மோட்ஸ்' என்று கார் நம்பர் பிளேட்டிலேயே போட்டுக்கொண்டவர். 2020-ல் காலமானார். அந்த ராத்திரி முழுக்க நான் அவர் கட்சி.

மறுநாள் விம்மின் பூர்வீகத்தைத் தேடினேன். அதன் முன்னோடியான வி.ஐ.யை 1976-ல் எழுதியவர் பில் ஜாய், பெர்க்லி பல்கலைக்கழக மாணவர். பிற்பாடு சன் மைக்ரோசிஸ்டம்ஸைத் தொடங்கியவர்களில் ஒருவர். அவரிடம் இருந்தது, நொடிக்குச் சுமார் 30 எழுத்துகளை மட்டுமே கடத்துகிற போன் லைன். திரையில் 24 வரி, வரிக்கு 80 எழுத்து. ஒரு திரை நிரம்பவே ஒரு நிமிஷத்துக்கு மேல்! அதில் மெனுவாவது, பட்டனாவது? ஓரெழுத்துக் கட்டளைகள் பிறந்தது அதனால்தான். அவர் பயன்படுத்திய டெர்மினலில் அம்புக்குறிக்குத் தனி கீ கிடையாது. ஹெச், ஜே, கே, எல் மேலேயே அம்பு வரைந்திருக்கும். விம்மில் இன்றும் அந்த நாலு எழுத்துகள்தான் இடம், கீழ், மேல், வலம்.

இதை அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அம்மா டைப்ரைட்டிங் ஹையர் பாஸ். இன்ஸ்டிட்யூட்டில் கீயைக் குனிந்து பார்த்தால் ஸ்கேலால் தட்டுவார்களாம். "எங்க, காட்டு" என்று லேப்டாப்பை வாங்கிக்கொண்டார். நான் 'ஜே' எங்கே என்று தேடுகிற நேரத்தில் அவர் விரல்கள் தானாக அங்கே போய் உட்கார்ந்துவிட்டன. கீழே போனார், மேலே வந்தார், ஒரு வரியை அழித்தார், 'யூ' தட்டி மீட்டார். "கையை எடுக்கவே வேணாமா? இது நல்லாத்தானேடி இருக்கு!"

எனக்குக் கொஞ்சம் அவமானமாகத்தான் இருந்தது. தினமும் எட்டு மணி நேரம் இதிலேயே உட்காருகிறவருக்கு இது உண்மையிலேயே சிநேகிதன்தான். மவுஸுக்கும் கீபோர்டுக்கும் கை அலைய வேண்டாம். 1980-களின் டாஸ் காலத்து வேர்ட்ஸ்டாரை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும் 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' எழுத்தாளர் ஜார்ஜ் மார்ட்டினுக்கும் இப்படி ஒரு நியாயம் இருக்கும்.

ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது. சமையலறை வரை கேட்கிற மாதிரி அம்மா குரல்: "ஏய், இதை எப்படி மூடுறது?"

இங்கேதான் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். பழகினால் வேகம் என்பது சரி. அதற்காக வெளியே போகும் வழியை ஏன் ஒளித்து வைக்க வேண்டும்? நானோ என்று இன்னொரு எடிட்டர் இருக்கிறது. அதே கறுப்புத் திரைதான், ஆனால் அடியில் இரண்டே வரியில் எப்படி சேவ் செய்வது, எப்படி வெளியேறுவது என்று எழுதியிருக்கும். விம்மிலும் அந்தத் தகவல் இல்லாமல் இல்லை. ஃபைல் எதையும் குறிப்பிடாமல் வெறுமனே திறந்தால், வரவேற்புத் திரையில் வெளியேறும் வழி தெளிவாக வரும். ஃபைலோடு திறந்தால் அந்தத் திரையே வராது. என்னை மாதிரி அர்த்தராத்திரியில் மாட்டிக்கொள்கிற அத்தனை பேரும் ஃபைலோடுதான் போகிறோம்!

இப்போது ஆபீஸில் என் மானிட்டர் ஓரத்தில் ஒரு மஞ்சள் சீட்டு ஒட்டியிருக்கிறேன்: 'எஸ்கேப், கோலன், கியூ, ஆச்சரியக்குறி, என்டர்.' ஊரிலிருந்து திரும்பிய அண்ணன் அதைப் பார்த்துவிட்டு, பேனா வாங்கி மேலே ஒரு வரி சேர்த்தார்.

'முதல்ல கீபோர்டை இங்கிலீஷுக்கு மாத்தும்மா.'