கணினிக் கூடமும் கற்றோர் ஒழுக்கமும்

ஒரு கல்வி நிலையத்தின் தகுதியை அளக்க விரும்புவோர் அதன் மண்டபத்தையும் பட்டமளிப்பு விழாவையும் கண்டு முடிவு செய்தல் வழக்கம். யாம் அவ்வாறு செய்வதில்லை. அங்குள்ள பொதுப்பொருள்கள் எவ்வாறு பேணப்படுகின்றன, அவற்றைப் பேணுவோர் எவ்வாறு நடத்தப்படுகின்றனர் என்னும் இரண்டையுமே முதலிற் பார்ப்போம். நூலகத்து அகராதி, ஆய்வுகூடத்துத் தராசு, வகுப்பறைக் கரும்பலகை என்பன முன்னாளில் இச்சோதனைக்கு உதவின. இந்நாளில் அதற்கு மிகப் பொருத்தமான இடம் பல்கலைக்கழகத்துக் கணினிக் கூடமும் அதனை அடுத்துள்ள சிறு கந்தோருமே ஆகும்.

தமிழாசிரியனுக்குக் கணினிக் கூடத்தில் என்ன அலுவல் என்று சிலர் வினவலாம். அலுவல் உண்டு. சென்ற ஆண்டு விடுமுறையில், எமது கல்லூரியிலுள்ள பழைய ஏட்டுச்சுவடிகள் சிலவற்றின் ஒளிப்படங்களை ஒழுங்கு செய்து, அவற்றுக்கு அட்டவணை ஒன்று தட்டச்சிடும் பொருட்டு, பல்கலைக்கழகம் ஒன்றின் கணினிக் கூடத்திற் பன்னிரண்டு நாள் இருக்க நேர்ந்தது. அதன் பெயர் இங்கு வேண்டா. யாம் கூறப்போகும் குறை ஓரிடத்துக்கு மாத்திரம் உரியதன்று.

அக்கூடத்தில் நாற்பது கணினிகள் இருந்தன. அவற்றுட் பதினொன்றின்மீது ‘பழுது’ என்றெழுதிய கடதாசி ஒட்டப்பட்டிருந்தது. அக்கடதாசியும் பழுப்பேறி ஓரஞ் சுருண்டிருந்தது. கண்ணாடித் தடுப்புக்கு அப்பாலுள்ள கந்தோரில், திரையின் விளிம்பிலே கடவுச்சொல் எழுதிய துண்டு தொங்கியது. ஒருவர் பெயரிற் புகுந்து மூவர் வேலை செய்தனர். கணினிப் பெட்டியின் தலைமேல் தேநீர்க் கோப்பைகள் வட்டவட்டமாகக் கறை பதித்திருந்தன. மை இல்லையென மாணவர்க்கு மறுக்கப்பட்ட அச்சுப்பொறி, உத்தியோகத்தர் ஒருவர் வீட்டுத் திருமண அழைப்பிதழுக்குத் தடையின்றி இயங்கியது.

இவற்றின் நடுவே கூட உதவியாளர் ஒருவர் இருந்தார். வயது நாற்பத்தைந்தளவில் இருக்கும். காலை ஏழரை மணிக்கு வந்து கதவு திறந்து, தும்புத்தடியாற் கூட்டி, உலர்ந்த துணியால் ஒவ்வொரு திரையையும் துடைத்து, நாற்பது கதிரைகளையும் நேராக வைப்பார். அவரினும் இருபது வயது இளைய விரிவுரையாளர் அவரைப் பெயர் சொல்லி ஒருமையில் அழைப்பார். அவரோ அவ்விளைஞரைச் ‘சேர்’ என்பார்.

முதல் நாளில் யாமே ஒரு பிழை செய்தோம் என்பதை மறைத்தல் தகாது. மழையில் நனைந்த குடையை மின்னிணைப்புப் பலகையின் அருகிற் சாத்தினோம்; மூடியில்லாத தண்ணீர்ப் போத்தலை விசைப்பலகையின் பக்கத்தில் வைத்தோம். அவர் அணுகி, “ஐயா, குடையை விறாந்தையிலை வைக்கட்டோ?” என்று மெல்லக் கேட்டார். போத்தலைத் தாமே எடுத்துத் தொலைவிலுள்ள மேசையில் வைத்தார். ஏட்டுச்சுவடிக்குப் பக்கத்திலே தண்ணீர் வைக்க ஒருநாளும் துணியாத யாம், அச்சுவடியின் படங்களெல்லாம் அடங்கிய பொறிக்குப் பக்கத்தில் அதனை வைத்தோமே என நாணினோம்.

எட்டாம் நாட் பிற்பகல் மின்சாரம் தடைப்பட்டது. இறுதியாண்டு மாணவி ஒருத்தி, தம் ஆய்வுக்காக வீடு வீடாகச் சென்று திரட்டிய விடைகளைக் கணினியிற் பதிந்துகொண்டிருந்தார். மின்சாரம் நின்றவுடன் சில நிமிடமேனும் பொறியைத் தாங்க வேண்டிய ‘யூ.பி.எஸ்.’ பெட்டி ஒருமுறை கத்திவிட்டு உடனே அணைந்தது. மின்சாரம் மீண்டபின் பார்த்தபோது அவருடைய கோப்புச் சிதைந்து திறவாமற் போயிற்று. மூன்று நாளின் உழைப்பு அது. ஆய்வேட்டை ஒப்படைக்க இன்னும் ஐந்து நாட்களே இருந்தன.

கூடப் பொறுப்பாளர் வந்தார். மாணவர் அனைவரும் கேட்க, “பெட்டிகளைப் பார்ப்பது உன்னுடைய வேலை அல்லவா?” என்று உதவியாளரைக் கடிந்தார். உதவியாளர் மறுமொழி கூறாது கந்தோருக்குட் சென்று, லாச்சியிலிருந்து ஒரு பதிவேட்டை எடுத்து வந்து மேசைமேல் விரித்தார். அப்பெட்டிகளின் மின்கலங்கள் வலுவிழந்தன என்று, மாத இடைவெளி விட்டு மூன்று முறை அவர் கையெழுத்தில் எழுதியிருந்தது. பொறுப்பாளர் ஒப்பமிட வேண்டிய இடம் மூன்று முறையும் வெறுமையாக இருந்தது. “எழுதி வைச்சனான், சேர்” என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. பொறுப்பாளர் பதிவேட்டை மூடிவிட்டு வெளியே போயினார். யாமும் ஒன்றும் பேசவில்லை. விருந்தினனாய் வந்த இடத்தில் வாய் திறத்தல் முறையன்று என அப்பொழுது எமக்குள்ளே காரணங் கற்பித்துக்கொண்டோம். அக்காரணம் இப்பொழுது போதுமானதாகத் தோன்றவில்லை. அதனாலேயே இதனை எழுதுகின்றோம்.

இழப்புக்கு யார் காரணர்? இடையிடையே வேறோர் இடத்திற் பிரதி எடுத்து வையாமை அம்மாணவியின் தவறு, அதனை மறுக்கவில்லை. ஆயின், அவ்வாறு செய்யவேண்டும் என்று அவருக்கு எவரேனும் கூறினரா? அக்கூடத்துச் சுவரில் உண்ணாதே, உரக்கப் பேசாதே, கைப்பேசி எடாதே என எட்டு விலக்குகள் எழுதப்பட்டிருந்தன. உன் வேலையைக் காத்துக்கொள் என்னும் விதி ஒன்றுமில்லை. விலக்குகளை எழுதினோரே கோப்பையும் கையுமாகக் கூடத்தினுள் உலாவியமையால், அவற்றுக்கும் மதிப்பில்லாமற் போயிற்று.

இனி, அம்மின்கலத்தின் இயல்பைச் சிறிது நோக்குவோம். இத்தகைய பெட்டிகளிற் பெரும்பாலும் இருப்பது ஈய அமில மின்கலம். சாதாரணமாக மூன்று முதல் ஐந்து ஆண்டளவே அது உழைக்கும். வெப்பம் மிகுந்தால் அதன் ஆயுள் இன்னும் குறுகும். 25 பாகைக்கு மேல் ஒவ்வொரு 10 பாகைக்கும் ஏறத்தாழப் பாதியாகும் என்பது பொறியியலார் கொள்ளும் பொது அளவு. எமது நாட்டின் வெப்பத்தில் அது விரைந்து முதுமை எய்துதல் வியப்பன்று. கணினியின் உள்ளுறுப்பும் அத்தகையதே. கணிக்கும் சில்லின்மீது உலோக இதழ்களும் அவற்றின்மேல் ஒரு சிறு விசிறியும் இருக்கின்றன. சில்லின் சூட்டை இதழ்கள் வாங்க, விசிறி அதனை வெளியே தள்ளும். இதழ்களின் இடுக்கிலே தூசு கம்பளிபோற் படிந்தால் சூடு வெளியேறாது. பொறி தன்னைக் காத்துக்கொள்ளும் பொருட்டு முதலில் வேகங் குறையும். பின்னர் தானே அணையும். ‘பழுது’ என்று கடதாசி ஒட்டப்பட்ட பதினொன்றில் இரண்டினை, அவ்வுதவியாளர் ஒரு சனிக்கிழமை தூரிகை கொண்டு தூசு நீக்கி இயக்கிக் காட்டினார். அவை சிறிது தூசுக்காகவே பல மாதம் முடங்கிக் கிடந்தன.

பதிவேடு என்பது வெறுஞ் சடங்கு எனக் கருதுவோர்க்கு ஒரு வரலாறு கூறுவோம். 1947ஆம் ஆண்டு செப்டெம்பர் 9ஆந் திகதி, அமெரிக்க நாட்டு ஹாவார்ட் பல்கலைக்கழகத்தில், மார்க் 2 என்னும் பெரிய கணிப்பொறி பிழைத்தது. அதனை இயக்கியோர் தேடிப் பார்த்தபோது, ரிலே என்னும் மின்விசை ஒன்றினுள்ளே அந்துப்பூச்சி ஒன்று அகப்பட்டுக் கிடந்தது. அவர்கள் அதனை வீசிவிடவில்லை. அன்றைய பதிவேட்டிலே நேரத்தோடு குறித்து, பூச்சியையும் அப்பக்கத்தில் ஒட்டி வைத்தனர். பொறியின் பழுதைப் ‘பூச்சி’ எனச் சொல்லும் வழக்கு ஆங்கிலப் பொறியாளரிடையே அதற்கு முன்னரே உண்டு. ஆகலின் அஃது அவர்களுக்கு நகைச்சுவையாகவும் அமைந்தது. இன்று அப்பதிவேடு பூச்சியோடு சிமித்சோனியன் நிறுவனத்தின் அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்திற் பேணப்படுகின்றது. பெரிய கணிதம் செய்த அவ்வறிஞர்கள் ஒரு பூச்சியைக் குறித்து வைத்தலைத் தமக்கு இழிவு என எண்ணவில்லை. இங்கோ, மூன்று முறை எழுதப்பட்ட குறிப்புக்கு ஒப்பமிடவும் எவர்க்கும் பொழுதில்லை.

எமது மரபு இதற்கு மாறானது என்று கூற இயலாது. பனையேட்டில் நூல்களைக் காத்தோர் அதற்கு எண்ணெய் பூசினர். செல்லுக்கும் பூச்சிக்கும் காவல் செய்தனர். சில தலைமுறைக்கு ஒருமுறை புதிய ஏட்டிற் பெயர்த்தெழுதினர். அவ்வாறு செய்யாது விட்ட இடங்களில் நூல்கள் இறந்தன. சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை (1832–1901), தொடும்பொழுதே ஏடுகள் உதிர்ந்த அவலத்தைத் தம் பதிப்புரையில் வருந்தி எழுதியதைத் தமிழ் கற்றோர் அறிவர். 1981ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களை இழந்தோம். வேறு பிரதி இல்லாதவை அவற்றோடு முற்றாக அழிந்தன. பிரதியின் அருமையை அவ்வளவு துயருற்று அறிந்த ஒரு சமூகம், மாணவர் உழைப்பைப் பிரதியின்றி ஒரு பொறிக்குள் விட்டு வைத்தல் எவ்வாறு பொருந்தும்?

பேணுதல் என்னும் சொல்லுக்குக் காத்தல் என்றும், விரும்புதல் என்றும், போற்றுதல் என்றும் பொருள் உண்டு. எமது கந்தோர்களிலே அஃது ஏவலரின் வேலையாகச் சுருங்கிவிட்டது. கற்பித்தல் உயர்ந்தது, துடைத்தல் தாழ்ந்தது என்னும் எண்ணமே இதற்கு மூலம். திருவள்ளுவர் பொச்சாவாமை என ஓரதிகாரம் வகுத்தார். மகிழ்ச்சி மிகுதியாற் கடமையை மறவாதிருத்தல் என்பது அதன் கருத்து. அவ்வதிகாரத்தை அவர் ஏவலர்க்கு உரியதாக வைத்திலர். பொருட்பாலில், அரசனுக்கு உரிய இயல்புகளோடு வைத்தார். மறதி தலைமையிடத்தே தோன்றினால் அதன் தீமை கீழுள்ள அனைவரையும் சாரும் என்பதனாலன்றோ அவ்வாறு வைத்தார்? அக்கூடத்தில் நிகழ்ந்ததும் அதுவே. மறந்தவர் பொறுப்பாளர், இழந்தவர் மாணவி, ஏச்சுக் கேட்டவர் மறவாது எழுதிய உதவியாளர்.

நிதி இல்லை, ஆளணி இல்லை என்பர். அது பொய்யன்று. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் ரூபாவின் பெறுமதி வீழ்ந்தமையும், பொறிகளின் உதிரிப்பாகங்கள் எட்டாவிலைக்கு ஏறியமையும் யாவரும் அறிந்தன. ஆயின், ஒப்பமிடுதற்கு எவ்வளவு நிதி வேண்டும்? கடவுச்சொல்லைப் பிறர்க்குக் கொடாதிருத்தற்கு எத்தனை பேர் வேண்டும்? கோப்பையை வெளியே வைத்தற்கும், மூத்தவர் ஒருவரை மரியாதையோடு அழைத்தற்கும் திறைசேரியின் அனுமதி வேண்டுவதில்லை. புதிய பொறி வாங்க வழியில்லாத காலத்திலேதான் பழைய பொறியைப் பேணுதல் இன்றியமையாததாகின்றது. வறிய வீட்டார் உள்ள பாத்திரத்தைத் துலக்கி வைப்பரேயன்றி, வறுமையைக் காட்டி அதனை உடைய விடுவதில்லை.

ஆகவே, கணினிக் கூடம் உடைய நிலையங்களுக்கு யாம் வேண்டுவன நான்கே. ஒன்று, பழுதுப் பதிவேட்டைப் பொறுப்பாளர் வாரந்தோறும் பார்த்து ஒப்பமிட்டு, செய்தது இன்னது, செய்ய இயலாதது இன்னது என எழுதுதல். இரண்டு, முதலாண்டு மாணவர்க்குக் கணினியின் முதற்பாடமாகப் பிரதி எடுத்துவைத்தலையும், பொறியை முறையாக நிறுத்துதலையும் கற்பித்தல். மூன்று, தவணைக்கு ஒருநாள் ஆசிரியரும் மாணவரும் உதவியாளரோடு கூடிநின்று, அவர் வழிகாட்டத் தூசு நீக்குதல். அன்று அவரே ஆசிரியர். நான்கு, கூடத்தின் விதிகள் கந்தோருக்கும் உரியன என்று கொள்ளுதல். இவற்றுள் எதுவும் பெருஞ்செலவு உடையதன்று. பள்ளிக்கூடங்களிற் கணினி அறை வைத்திருக்கும் எம்போன்ற ஆசிரியர்க்கும் இவை பொருந்தும்.

மாணவர் யாம் சொல்லுவதிற் பாதியை மறப்பர். யாம் செய்வதைக் கண்டபடியே கொள்வர். அன்று அக்கூடத்திலிருந்த முப்பது மாணவரும், பொறுப்பிலுள்ளவன் தன் பிழையை எளியவன்மேற் சுமத்திவிட்டு வெளியே போகலாம் என்பதைக் கற்றனர். அவர்களுள் நாளை ஆசிரியராவோரும் உத்தியோகத்தராவோரும் இருப்பர். பட்டப்படிப்பின் பாடத்திட்டத்தில் இல்லாத அந்தப் பாடத்தை அவர்கள் மறத்தற்கு நெடுங்காலஞ் செல்லும்.

அம்மாணவி, கையிலிருந்த விடைத்தாள்களைக் கொண்டு இரவு பகலாக மீண்டும் பதிந்து, குறித்த நாளில் ஆய்வேட்டை ஒப்படைத்தார் எனப் பின்னர் அறிந்து மகிழ்ந்தோம். அவ்வுதவியாளர் இரண்டு மாலைகள் தம் வேலைநேரம் முடிந்த பின்னும் கூடத்தைப் பூட்டாது அவருக்காகக் காத்திருந்தாராம். பன்னிரண்டாம் நாள் விடைபெறும்பொழுது, அன்று பேசாதிருந்தமைக்காக யாம் அவரிடம் வருத்தந் தெரிவித்தோம். “அது பரவாயில்லை ஐயா. கலத்தை மாத்தினால் காணும்” என்றார். இதனை எழுதும் இன்று வரையில் அக்கலங்கள் மாற்றப்பட்டதாகச் செய்தி இல்லை.