சிடி முகத்தில் என்ன இருக்க வேண்டும்?

கல்யாண சிடி என்றதும் கண்ணில் வருவது எது? மணமக்கள் படம், பின்னணியில் ரோஜாவோ இதயமோ, தங்க நிற எழுத்தில் இரண்டு பெயர்கள். ஓட்டைக்கு இந்தப் பக்கம் மாப்பிள்ளை, அந்தப் பக்கம் பெண். (ஓட்டை நெற்றியில் விழுந்த மாப்பிள்ளைகளும் உண்டு, பாவம்!) ராஜா அண்ணாமலைபுரத்தில் மேயர் ராமநாதன் செட்டியார் மண்டபத்தில் தாலி கட்டியவர்களானாலும் சரி, தெருக்கோடி சின்ன மண்டபத்தில் கட்டியவர்களானாலும் சரி, அந்தக் காலத்து ஜோடி என்றால் பீரோவில் இப்படி ஒரு தட்டு இருக்கும். பார்க்க அச்சு அசல் கம்பெனி சிடி மாதிரியே!

அந்த "கம்பெனி மாதிரி"யில்தான் விஷயமே இருக்கிறது.

தொழிற்சாலையில் சிடி மேல் அச்சடிப்பது ஸ்கிரீன் பிரிண்டிங்கிலோ ஆஃப்செட்டிலோ. ஸ்கிரீன் என்றால் ஒவ்வொரு நிறத்துக்கும் தனிச் சட்டம் தயாரிக்க வேண்டும். பத்து தட்டுக்கும் அதே செலவு, பத்தாயிரம் தட்டுக்கும் அதே செலவு. பி.காம். படிப்பவர்களுக்குத் தெரிந்த நிலையான செலவுக் கணக்குதான். அதனால் நேர்த்தியாக அச்சான சிடியைப் பார்த்தால், "யாரோ பணம் போட்டுச் செய்திருக்கிறார்கள், நம்பலாம்" என்று ஜனங்கள் எடுத்துக்கொண்டார்கள். அந்த அச்சே ஒரு ஜாமீன் மாதிரி.

மேற்புறம் வெள்ளைப் பூச்சு பூசிய தட்டுகளும், சிடியைத் தட்டில் வைத்து உள்ளே அனுப்பும் இங்க்ஜெட் பிரிண்டர்களும் வந்ததும் அந்த ஜாமீன் போயே போச்சு. எப்சன் எல்800 மாதிரி ஒரு பிரிண்டர் மேசையில் இருந்தால் ஒரே ஒரு சிடியைக்கூட அழகாக அடிக்கலாம். பொருளாதார அறிஞர் அகெர்லாஃப் 1970-ல் பழைய கார் சந்தையை வைத்துச் சொன்னது இதற்கும் பொருந்தும். நல்லதையும் மட்டத்தையும் வாங்குகிறவனால் பிரித்துப் பார்க்க முடியாவிட்டால், நல்லதற்கும் விலை கிடைக்காது.

சினிமாக்காரர்களுக்கு இது நன்றாகவே தெரிந்தது. பர்மா பஜார் சிடிக்களை ஒழிக்க 2004-ல் திருட்டு விசிடிக்காரர்களையும் குண்டர் சட்டத்துக்குள் கொண்டுவந்தது தமிழக அரசு. 2007-ல் மோசர் பேயர் நிறுவனம் வேறு வழியில் போனது. ஒரிஜினல் விசிடி 28 ரூபாய், டிவிடி 34 ரூபாய்! திருட்டு சிடி விலைக்கே ஒரிஜினல் கிடைத்தால் அட்டையை உற்றுப் பார்த்து அசலா நகலா என்று யோசிக்கும் வேலையே இல்லையே.

சட்டமும் அழகைக் கேட்கவில்லை. காப்புரிமைச் சட்டம் 52ஏ பிரிவு கேட்பது தயாரித்தவர் பெயர், முகவரி, உரிமையாளர் பெயர், முகவரி, முதலில் வெளியான ஆண்டு. திரைப்படம் என்றால் தணிக்கைச் சான்றிதழும் வேண்டும். நாளைக்கு ஒரு பிரச்சினை என்றால் யாரைப் பிடிப்பது என்பதற்கான தகவல் அது.

கல்யாண சிடி விற்பனைக்கு வருவதில்லை, அதனால் யாரும் இதையெல்லாம் கேட்பதில்லை. விளைவு? படம் பளிச்சென்று இருக்கும். ஆனால் தேதி இருக்காது, ஊர் இருக்காது, மூன்று தட்டில் இது எத்தனையாவது என்று இருக்காது. ரிசப்ஷனா, முகூர்த்தமா? போட்டுப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

இன்னொரு கொடுமை, ஸ்டிக்கர். பிரிண்டர் இல்லாதவர்கள் வட்டமாக வெட்டிய காகித லேபிளை ஒட்டிக் கொடுத்தார்கள். கொஞ்சம் தள்ளி ஒட்டிவிட்டால் வேகமாகச் சுற்றும்போது தட்டு ஆடும். டிவிடி என்றால் வளைந்தும் போகலாம். அதோடு, சிடியில் கீறல் படக்கூடாது என்று எல்லோரும் பயப்படுவது பளபளக்கும் அடிப்பக்கத்துக்கு. அங்கே ஒரு மில்லிமீட்டருக்கு மேல் கனமான பிளாஸ்டிக் இருக்கிறது. தகவலைத் தாங்கும் அடுக்கு இருப்பது படம் போட்ட மேல்பக்கத்தில், மெல்லிய பூச்சுக்கு அடியில். ஸ்டிக்கரைப் பிய்த்தால் பல சமயம் அந்த அடுக்கும் கூடவே வந்துவிடும். அதாவது கல்யாணமே உரிந்து வந்துவிடும்!

இதெல்லாம் இப்போது எதற்கு, சிடி செத்துப் பல வருஷம் ஆகிறதே என்று கேட்கலாம். இப்போதுதான் தேவை. டிரைவ் இல்லாத லேப்டாப்கள் வந்துவிட்டன, பழைய பிளேயர்கள் பழுதாகிக்கொண்டிருக்கின்றன. மிச்சமிருக்கும் தட்டுகளை ஹார்ட் டிஸ்க்கில் ஏற்ற வேண்டிய நேரம் இது. டிவிடியைத் திறந்து பாருங்கள். உள்ளே "விடிஎஸ்_01_1" என்று ஒரு கோப்பு இருக்கும். அடுத்த டிவிடியிலும் அதே பெயர்தான். அண்ணன் கல்யாணம், அக்கா வளைகாப்பு, தாத்தாவின் சதாபிஷேகம் எல்லாமே விடிஎஸ்_01_1. எது எது என்று சொல்ல வேண்டியது தட்டின் முகம் மட்டும்தான். அங்கேயோ ரோஜாப்பூ.

ஏற்றுவதற்கு முன் ஒவ்வொன்றையும் ஒருமுறை ஓட்டிப் பார்த்து, தேதியும் விசேஷமும் தெரிந்த பெரியவர்களைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, ஃபோல்டருக்குப் பெயர் போடுங்கள். தட்டிலும் எழுத ஆசையா? நடுவில் ஓட்டையைச் சுற்றி ஒளி ஊடுருவும் வளையம் இருக்கிறதே, அங்கே எழுதலாம். அதற்கடியில் தகவல் எதுவும் கிடையாது.