ஒரே வாசலில் இரண்டு மாத்திரைகள்

2025 மார்ச்சில் மலப்புறம் மாவட்டத்து வளாஞ்சேரி, கேரளம் முழுக்கத் தலைப்புச் செய்தியானது. போதை ஊசியைப் பகிர்ந்துகொண்ட பத்துப் பேருக்கு எச்.ஐ.வி. தொற்று உறுதியாகியிருந்தது. அவர்களில் வெளிமாநிலத் தொழிலாளர்களும் உண்டு. மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் நடத்திய பரிசோதனையில் வெளிப்பட்ட விவரம் இது. போதைப் பழக்கம் உள்ளவர்கள் அரசு ஊழியரை நம்பிக் கை நீட்டியதால்தான் அது தெரியவந்தது.

அந்தச் சங்கத்தின் தலைமையகம் திருவனந்தபுரத்தில் இருக்கிறது. காவல் துறைத் தலைமையகமும் அங்கேதான். அதே ஆண்டு பிப்ரவரியில் 'ஆபரேஷன் டி-ஹன்ட்' என்ற மாநிலம் தழுவிய போதை வேட்டையும் நடந்தது. ஒரு துறை "பயப்படாமல் வாருங்கள்" என்று அழைத்த காலத்தில், இன்னொரு துறை தேடிப் பிடித்துக்கொண்டிருந்தது. விற்பவனைப் பிடிப்பதில் யாருக்கும் மறுப்பில்லை. ஊசி போட்டு நோயுற்றவனும் அதே வலையில் விழுவதுதான் கவலை.

எச்.ஐ.வி.க்கு மருந்து கிடைக்காத காலம் போய்விட்டது. 2004 ஏப்ரலில் தாம்பரம் உள்ளிட்ட எட்டு அரசு மருத்துவமனைகளில் இலவசக் கூட்டு மருந்து சிகிச்சை தொடங்கியது. கேரளத்தில் இன்று 'உஷஸ்' மையங்கள் அதை வழங்குகின்றன. பெரும்பாலானோருக்கு நாளுக்கு ஒரே மாத்திரை போதும். ஒழுங்காக விழுங்கி, ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்கு அடங்கிவிட்டால், உடலுறவு வழியே அது பிறருக்குப் பரவாது. விட்டு விட்டு விழுங்கினால் வைரஸ் மருந்துக்குப் பழகிவிடும்.

பிறகு ஏன் மாத்திரையை விடுகிறார்கள்? ஹெராயின் பழகிய உடல், கடைசி ஊசி போட்ட சில மணி நேரத்திலேயே முறுக்கத் தொடங்கும். மூக்கொழுகல், வாந்தி, எலும்பைக் குடையும் வலி. அந்தக் காலைப்பொழுதில் எச்.ஐ.வி. மாத்திரை நினைவுக்கு வருவதில்லை. கைதானாலோ இன்னொரு சிக்கல். லாக்கப்பில் மாத்திரையைக் கேட்டால் நோய் அம்பலமாகும். கேட்காவிட்டால் சிகிச்சை அறுபடும்.

இந்தியாவில் வயதுவந்தோரிடையே எச்.ஐ.வி. சுமார் 0.2 சதவீதம், போதை ஊசி போடுவோரிடையே அது சுமார் 9 சதவீதம். இவ்வளவு நெருக்கடியிலும் சிகிச்சை இரண்டு வாசல்களாகப் பிரிந்து கிடக்கிறது. ஹெராயினுக்கு மாற்றான புப்ரினார்பினை நாக்கடியில் கரைக்க, நோயாளி வழக்கமாக நாள்தோறும் ஊழியர் முன் வரவேண்டும். கூட்டு மருந்துக்கோ வேறு மையம், வேறு வரிசை, வேறு அட்டை. தினமும் வருகிறவரிடம் அந்த இன்னொரு மாத்திரையையும் அங்கேயே கொடுத்தால் என்ன? பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2016இல் வெளியான மதிப்பீட்டின்படி, மாற்று மருந்து பெறுவோர் கூட்டு மருந்தை ஒழுங்காக எடுக்கும் வாய்ப்பு ஏறத்தாழ இரு மடங்கு. எம்.டி.எம்.ஏ. போன்ற ரசாயனப் போதைக்கு இப்படியொரு மாற்று மருந்து கிடையாது என்பதையும் சொல்லியாக வேண்டும்; அங்கே சுத்தமான ஊசியும் ஆலோசகரும் கூடுதலாகத் தேவை.

சட்டம் தடையாக இல்லை. 2017ஆம் ஆண்டு எச்.ஐ.வி. சட்டத்தின் 22ஆம் பிரிவு, தொற்றைக் குறைக்கும் இத்தகைய பணிகளைக் குற்றமாகக் கருதக் கூடாது என்கிறது. பழைய ஊசியை வாங்கிப் புதியது கொடுப்பதை எடுத்துக்காட்டாகவே அது குறிப்பிடுகிறது. போதைப்பொருள் சட்டத்தின் 64ஏ பிரிவும், தானாகச் சிகிச்சைக்கு வருபவருக்கு வழக்கிலிருந்து விலக்குப் பெற வழி வைத்திருக்கிறது. ஒவ்வொரு காவல் நிலையத்துக்கும் இந்த இரு பிரிவுகளையும் சுற்றறிக்கையாக அனுப்பத் திருவனந்தபுரத்தால் முடியும். சிகிச்சை மையங்களின் அருகே காத்திருந்து பிடிக்கக் கூடாது, கைதானவரின் மருந்து ஒரு நாளும் நிற்கக் கூடாது என்ற இரண்டு வரிகளையும் அதில் சேர்க்க வேண்டும்.

2020 ஊரடங்கில், மாற்று மருந்தைச் சில நாள்களுக்கு வீட்டுக்கே கொடுத்தனுப்ப அரசு அனுமதித்தது. விடியற்காலையில் வேலைக்குக் கிளம்பும் கட்டடத் தொழிலாளிக்கு அந்தச் சலுகை இன்றும் வேண்டும். மையத்துக்கு வந்தால் அவருக்கு அரை நாள் கூலி போகிறது.